கொக்கியும் பெட்டகமும்: சான் பிரான்சிஸ்கோ துறைமுகத் தொழிலாளரும் எஞ்சிய வேலையைப் பங்கிட்ட வரலாறும் (1934–1972)

ஆய்வுச்சுருக்கம்

பெரும்பாலான வேலைகளை இயந்திரங்கள் ஏற்றுக்கொண்டபின் மனிதர் எவ்வாறு நலமுடன் வாழ்வர் என்னும் வினா, இன்று பெரும்பாலும் வருமானம் பற்றிய வினாவாகவே விவாதிக்கப்படுகிறது. அமெரிக்காவின் மேலைக் கடற்கரைத் துறைமுகத் தொழிலாளர் 1960ஆம் ஆண்டு கப்பல் நிறுவனங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கை, அவ்வினாவுக்கு நடைமுறையில் அளிக்கப்பட்ட தொடக்ககால விடைகளுள் ஒன்றாகும். இக்கட்டுரை அவ்வுடன்படிக்கையை 1934இல் தோன்றிய வேலைப் பகிர்வுக் கூடத்தின் தொடர்ச்சியாக வைத்து ஆராய்கிறது. தொழிலாளரைக் காத்ததில் ஈட்டுத்தொகையைக் காட்டிலும், எஞ்சிய வேலையைச் சமமாகப் பங்கிட்ட ஏற்பாட்டுக்கே பங்கு மிகுதி என்பதும், அவ்வேற்பாட்டின் எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரே இயந்திரத்தின் விலையைச் செலுத்தினர் என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: தானியங்கிமயமாக்கம், துறைமுகத் தொழிலாளர், சரக்குப் பெட்டகம், வேலைப் பகிர்வு, ஹாரி பிரிட்ஜஸ், சென்னைத் துறைமுகம்

முன்னுரை

பொருளியலறிஞர் ஜான் மேனார்டு கெயின்ஸ் 1930ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், நூறாண்டுகளுக்குப்பின் மனிதனின் பொருளியல் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும் என்றும், வாரத்திற்குப் பதினைந்து மணிநேர வேலையே போதுமானதாக இருக்கும் என்றும் கணித்தார். அவர் குறித்த ஆண்டு நெருங்கிவிட்டது. உற்பத்தித்திறன் பற்றிய அவரது கணிப்பு பெருமளவு பலித்தது. வேலைநேரம் பற்றிய கணிப்பு பொய்த்தது. இதனைச் சுட்டாத கட்டுரை இத்துறையில் அரிது. ஆனால் அதே கட்டுரையில், எஞ்சியிருக்கும் சிறிதளவு வேலையை இயன்றவரை பலருக்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று அவர் கூறியது அத்துணை கவனம் பெறவில்லை. பகிர்ந்தளிப்பவர் யார், எந்த விதியின்படி, யார் யாருக்கு என்பவற்றை அவர் விளக்கவுமில்லை.

இன்றைய விவாதம் இரு நிலைப்பாடுகளுக்கிடையே ஊசலாடுகிறது. பழைய வேலைகள் அழிந்தால் புதியவை தோன்றும் என்பது ஒன்று. வேலை போனாலும் அனைவருக்கும் அடிப்படை வருமானம் வழங்கிவிடலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே வேலையின் பங்கீட்டைப் பேசுவதில்லை. தத்துவ அளவில் விடுபட்டுப்போன இவ்வினாவை ஒரு தொழிலாளர் கூட்டம் முப்பத்தெட்டு ஆண்டுகள் நாள்தோறும் காலையில் எதிர்கொண்டது. அவர்கள் எழுதிய விதிகளும் செய்த பிழைகளும் நமக்கு ஆவணங்களாகக் கிடைக்கின்றன. சங்கத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவராயிருந்த லிங்கன் ஃபேர்லி, பொருளியலறிஞர் பால் ஹார்ட்மன், துறைமுகத் தொழிலாளராகவும் ஆய்வாளராகவும் விளங்கிய ஹெர்ப் மில்ஸ், சரக்குப் பெட்டகத்தின் வரலாற்றை எழுதிய மார்க் லெவின்சன் ஆகியோரின் எழுத்துகள் இக்கட்டுரைக்கு அடிப்படை.

கொக்கித் தொழில்

பெட்டகம் வருவதற்கு முன் கப்பலில் சரக்கேற்றுவது பெரும்பாலும் மனித உடலின் வேலை. காப்பி மூட்டை, பருத்திப் பொதி, பீப்பாய், மரப்பெட்டி என ஒவ்வொன்றும் தனித்தனியே கையால் அடுக்கப்பட்டது. தொழிலாளியின் இடுப்பில் செருகிய இரும்புக் கொக்கியே அவரது கருவி. அதுவே அவரது அடையாளமுமாயிற்று. கப்பலின் சரக்கறைக்குள் இறங்கிய குழு, அலையில் சரக்கு நகராதபடி இண்டு இடுக்கின்றி அடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு இது வெறும் சுமை தூக்கல். உண்மையில் எடை, வடிவம், இறங்கும் துறைமுகங்களின் வரிசை ஆகிய மூன்றையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்ட நுட்பமான தொழில் அது.

1934க்கு முன்னர், சான் பிரான்சிஸ்கோவின் எம்பார்கடேரோ கரையோரச் சாலையில் விடியற்காலையில் ஆட்கள் கூடி நிற்பர். குழுத்தலைவர் வந்து தமக்கு வேண்டியவரைச் சுட்டி அழைப்பார். வேண்டியவராவதற்குக் கையூட்டோ சாராயப் புட்டியோ தேவைப்பட்டது. ஒருவர் இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்க, அடுத்தவர் பல நாள் வெறுங்கையுடன் திரும்புவார். நம் ஊர்ச் சாலைச் சந்திப்புகளில் மண்வெட்டியும் பாண்டுச்சட்டியுமாக நிற்கும் கட்டடத் தொழிலாளரைக் கண்டவர்க்கு இக்காட்சி புதிதன்று. ஒரே அளவு வேலை. அதை நாடி அதனினும் மிகுதியான ஆட்கள். இயந்திரம் பின்னாளில் உருவாக்கிய நெருக்கடியும் இதே வடிவினதுதான். அந்நெருக்கடியை இவர்கள் இயந்திரம் வருமுன்பே ஒருமுறை எதிர்கொண்டு தீர்வு கண்டிருந்தனர் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

1934: வேலையைப் பங்கிடும் உரிமை

1934 மே 9 அன்று மேலைக் கடற்கரைத் துறைமுகங்கள் அனைத்திலும் வேலைநிறுத்தம் தொடங்கியது. சூலை 5 அன்று சான் பிரான்சிஸ்கோவில் காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். அதன் எதிர்வினையாக நகர் முழுவதும் நான்கு நாள் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான நடுவர் தீர்ப்பு ஆறு மணிநேர வேலைநாளையும் முப்பது மணிநேர வாரத்தையும், மணிக்கு 95 செண்ட் கூலியையும் வழங்கியது. இவற்றினும் முதன்மையானது வேலைப் பகிர்வுக் கூடம். அதன் செலவைச் சங்கமும் முதலாளிகளும் பகிர்ந்துகொள்வர்; ஆனால் வேலையை ஒதுக்குபவரைச் சங்கமே தேர்ந்தெடுக்கும். வேலைநிறுத்தத்தில் முன்னின்ற ஹாரி பிரிட்ஜஸ், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் பிறந்தவர். 1937இல் உருவான பன்னாட்டுத் துறைமுகத் தொழிலாளர், கிடங்குத் தொழிலாளர் சங்கத்தின் தலைவராகி, அரசு அவரை நாடுகடத்தப் பலமுறை முயன்றும் நாற்பதாண்டுக்காலம் அப்பொறுப்பில் நீடித்தார்.

கூடத்தின் விதி எளிமையானது. அதுவரை குறைந்த மணிநேரம் வேலை செய்தவர் எவரோ அவருக்கே அடுத்த வேலை. ஒவ்வொருவரின் வேலைநேரமும் கணக்கில் எழுதப்படும். கணக்கில் பின்தங்கியவர் வரிசையில் முந்துவார். இதனால் வலியவர்க்கும் முதியவர்க்கும், முதலாளிக்கு வேண்டியவர்க்கும் வேண்டாதவர்க்கும் ஆண்டு வருமானம் ஏறத்தாழ ஒன்றாயிற்று. வேலை குறைந்த ஆண்டுகளில் எவரும் நீக்கப்படவில்லை; அனைவரின் வேலைநேரமும் சற்றுக் குறைந்தது. கெயின்ஸ் விரும்பிய பகிர்வு, கெயின்சை அறியாத மனிதர்களின் கணக்கேட்டில் நடைபெற்றது எனலாம்.

இதன் மற்றொரு விளைவு ஓய்வைப் பற்றியது. எந்த முதலாளிக்கும் நிரந்தர ஆளாக இல்லாத தொழிலாளி, விரும்பாத நாளில் கூடத்திற்குச் செல்லாமலிருக்கலாம். இழப்பது அன்றைய கூலியை மட்டுமே. 1951இல் வெளியான முதல் நூலால் புகழ்பெற்ற எரிக் ஹாஃபர், அறுபதுகளின் பிற்பகுதி வரை இக்கூடத்தின் வழியே வேலைக்குச் சென்றுவந்தவர். சில நாள் மூட்டை தூக்கி, சில நாள் எழுதி வாழ்ந்தார். 1958–59இல் அவர் எழுதிய நாட்குறிப்பு, துறைமுகத்தில் வேலையும் சிந்தனையும் என்னும் பொருள்படும் தலைப்பில் பின்னர் நூலானது. எல்லாரும் ஹாஃபர் ஆகவில்லை என்பது உண்மை. மீன்பிடிக்கச் சென்றவரும், வீடு கட்டியவரும், குடித்தே கழித்தவரும் இருந்தனர். ஓய்வை என்ன செய்வது என்பதை மேலிருந்து எவரும் கட்டளையிடவில்லை.

ஆறு மணிநேர நாளைப் பற்றி ஒரு திருத்தம் தேவை. நடைமுறையில் தொழிலாளர் பெரும்பாலும் எட்டு மணிநேரம் வரை வேலை செய்து, ஆறு மணிக்கு மேற்பட்டதற்குக் கூடுதல் கூலி பெற்றனர். குறுகிய வேலைநாள் என்னும் கொள்கை, மிகுகூலிக்கான கணக்காக மெல்ல மாறியது. சங்கத்தைப் போற்றி எழுதுவோர் இதனைக் குறிப்பிடத் தயங்குவதுண்டு.

பெட்டகத்தின் வருகை

1956 ஏப்ரல் 26 அன்று, சரக்குந்து நிறுவன உரிமையாளர் மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கையால் சரக்கேற்ற டன்னுக்கு 5.83 டாலர் செலவான காலத்தில், அக்கப்பலில் ஆன செலவு டன்னுக்கு 15.8 செண்ட் மட்டுமே என்று லெவின்சன் எடுத்துக்காட்டுகிறார். 1958 ஆகஸ்டில் மேட்சன் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலிருந்து ஹவாய்க்குப் பெட்டகங்களை அனுப்பத் தொடங்கியது. 1959 சனவரியில் அலமேடாவில் அந்நிறுவனம் நிறுவிய பாரந்தூக்கி, மூன்று நிமிடத்திற்கொரு பெட்டகத்தை ஏற்றியது; ஒரு பெட்டகத்தின் எடை 40,000 பவுண்டு வரை இருக்கலாம். பழைய முறையில் ஒரு குழு செய்ததைவிட நாற்பது மடங்கிற்கும் மேற்பட்ட வேலை இது.

சங்கத்தின் கைவசமிருந்த எதிர்ப்பாயுதங்கள் சிறியவை. ஒரு தூக்கிற்கு 2,100 பவுண்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது ஒரு விதி. சரக்குந்தில் பலகைத்தட்டின்மேல் அடுக்கி வந்த சரக்கைக் கரையில் இறக்கிவைத்து, துறைமுகத் தொழிலாளரே மீண்டும் தட்டில் அடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. எட்டுப் பேர் கொண்ட குழுவில் நால்வர் உழைக்க நால்வர் இளைப்பாறும் வழக்கமும் இருந்தது. இவற்றுட் சில உடலைக் காக்கும் நோக்கின. சில வேலையைச் செயற்கையாகப் பெருக்கின. முதலாளிகள் இரண்டையும் ஒன்றாகவே கண்டனர். தொழிலாளரும் அவ்வாறே இரண்டையும் ஒன்றாகக் காத்தனர்.

1957இல் சங்கத்தின் பேராளர் கூட்டத்தில் தலைமை ஓர் அறிக்கையை முன்வைத்தது. ஒவ்வொரு துறைமுகத்திலும் தனித்தனியே மறைமுகமாக எதிர்த்துக்கொண்டிருப்பதா, அன்றி இயந்திரத்தை ஏற்று அதற்கு ஈடாகத் திட்டவட்டமான நலன்களைப் பெறுவதா என்பதே அவ்வறிக்கை எழுப்பிய வினா. இயந்திரத்தை உடைப்பதும் இல்லை, அடிபணிவதும் இல்லை. அதற்கு விலை பேசுவது என முடிவாயிற்று. விலை பேசும் வலிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் கைத்தறி நெசவாளர் குறைந்தபட்சக் கூலி கோரி நாடாளுமன்றத்திடம் முறையிட்டனர். 1835இல் அம்முயற்சி தோற்றது. வீடுதோறும் சிதறியிருந்த அவர்களிடம் வேலையைத் தடுக்கவோ பங்கிடவோ ஒரு கூடம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் அது இருந்தது.

1960 உடன்படிக்கை

1960 அக்டோபர் 18 அன்று, முதலாளிகளின் அமைப்பான பசிபிக் கடல்வணிகக் கழகத்துடன் உடன்பாடு எட்டப்பட்டது. அதன்படி நிறுவனங்கள் விரும்பிய இயந்திரத்தைக் கொண்டுவரலாம்; பழைய விதிகள் பெரும்பாலானவை நீங்கும். ஈடாக ஆண்டுக்கு 50 இலட்சம் டாலர் வீதம் ஐந்தரை ஆண்டுகளுக்கு ஒரு நிதியில் செலுத்தப்படும். முன்னர்ச் சேர்ந்த 15 இலட்சத்தையும் கூட்ட, அது 2 கோடியே 90 இலட்சம் டாலர். முழுமையாகப் பதிவுபெற்ற ‘ஏ’ பிரிவுத் தொழிலாளர் எவரும் நீக்கப்படார். இயந்திரத்தால் வேலை குறைந்தால் வாரத்திற்கு 35 மணிநேரக் கூலி உறுதி. 25 ஆண்டு பணிபுரிந்து 65 வயதில் ஓய்வுபெறுவோர்க்கு ஓய்வூதியத்துடன் 7,920 டாலர் கிடைக்கும்; 62 வயதிலேயே விலகுவோர் அதே தொகையை மாதம் 220 டாலராக மூன்றாண்டுகளுக்குப் பெறலாம். வாக்கெடுப்பில் ஏறத்தாழ மூன்றில் இருபங்கினர் ஆதரித்தனர். இளையோர் மிகுந்த லாஸ் ஏஞ்சலிஸ் கிளை ஆதரிக்கவில்லை.

கூலி உறுதியில் ஒரு நுண்ணிய வரையறை உண்டு. வேலை குறைந்ததற்கு இயந்திரமே காரணமாயிருக்க வேண்டும். வணிக மந்தத்தால் குறைந்தால் உறுதி செல்லாது. இவ்விரண்டையும் பிரித்தறிவது எத்துணைக் கடினம் என்பதை எவரும் சோதிக்க நேரவில்லை. வியட்நாம் போரால் சரக்குப் போக்குவரத்துப் பெருகி, வேலை குறைவதற்கு மாறாக மிகுந்தது. கூலி உறுதிக்கென ஒதுக்கிய பணம் செலவாகாமலே கிடந்து, 1966இல் உறுப்பினர்க்குப் பங்கிடப்பட்டது. அதாவது, இவ்வுடன்படிக்கையில் பின்னாளில் பெரிதும் புகழப்பட்ட கூறு முதல் ஐந்தாண்டுகளில் ஒருமுறையும் உண்மையான சோதனைக்கு உட்படவில்லை. இதனை முன்மாதிரியாகக் காட்டுவோர் இவ்வுண்மையையும் சேர்த்தே கூறவேண்டும்.

எதிர்பாராத மற்றொன்றும் நிகழ்ந்தது. நிறுவனங்களுக்குத் தொடக்கத்தில் கிடைத்த ஆதாயத்தில் பெரும்பகுதி பெட்டகத்தால் வந்ததன்று. பழைய விதிகள் நீங்கியதால் வந்தது. தூக்கின் எடை கூடியது, ஆட்கள் குறைந்தனர், அதே மூட்டை, அதே முதுகு. இயந்திரம் வருவதற்குப் பதிலாக உழைப்பின் கடுமை வந்தது. 1963இல் பிரிட்ஜஸ், இயந்திரத்தைக் கொண்டுவருவதைக் கட்டாயமாக்கவே சங்கம் வற்புறுத்தும் என்று அறிவிக்க நேர்ந்தது. தானியங்கிமயமாக்கம் பற்றிய வரலாறுகளில் தொழிலாளர் தலைவர் இயந்திரத்தைக் கோரி, முதலாளிகள் தயங்கிய இத்தகைய நிகழ்வு அரிது. நிறுவனங்கள் மிச்சப்படுத்திய தொகை, அவை நிதியில் செலுத்தியதைப் போன்று பன்மடங்கு என்பது ஹார்ட்மன் ஆய்வின் முடிவு. பிரிட்ஜஸ் மலிவாக விற்றுவிட்டார் என்னும் குறை அன்றிலிருந்து இன்றுவரை ஒலிக்கிறது. அக்குறையில் நியாயம் உண்டு. எனினும், விற்காமலிருந்தவர்க்கு அம்மலிவு விலையும் கிட்டவில்லை.

நிதியால் விளைந்த பொதுநலன்

ஈட்டுத்தொகை பற்றிய விவாதத்தில் மறைந்துபோகும் ஒரு செய்தி, கூட்டாக வைத்திருந்த பணத்தால் இத்தொழிலாளர் தமக்கு வெளியிலும் எதைக் கட்டினர் என்பது. 1954இலேயே சங்கமும் கழகமும் நடத்திய நலநிதி, உறுப்பினரின் குழந்தைகளுக்குப் பல் மருத்துவத்தை வழங்கத் தொடங்கியது. அமெரிக்காவில் இத்தகைய திட்டங்களுக்கு அது முன்னோடி. அறுபதுகளின் தொடக்கத்தில், நகரச் சீரமைப்பின் பெயரால் கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட வெஸ்டர்ன் அடிஷன் பகுதியில், ஓய்வூதிய நிதியின் துணையுடன் செயின்ட் பிரான்சிஸ் ஸ்குவேர் என்னும் கூட்டுறவுக் குடியிருப்பு எழுந்தது. 299 வீடுகள், சிறு முன்பணம், இன வேறுபாடின்றி ஒதுக்கீடு. துறைமுகத் தொழிலாளர் அல்லாதோரும் அங்குக் குடியேறினர்.

அக்காலத்தில் இவ்வினா நாடு தழுவியதாக மாறிக்கொண்டிருந்தது. 1964 மார்ச்சில் லைனஸ் பாலிங், குன்னார் மிர்டால் உள்ளிட்டோர் கையெழுத்திட்டு அதிபர் ஜான்சனுக்கு அனுப்பிய ‘மும்மைப் புரட்சி’ அறிக்கை, தானியங்கிகளால் வேலைக்கும் வருமானத்துக்குமான பிணைப்பு அறுபடுவதால், அனைவர்க்கும் வருமானத்தை உரிமையாக்க வேண்டும் என்றது. 1967இல் மார்ட்டின் லூதர் கிங் தம் நூலில் உறுதியளிக்கப்பட்ட வருமானத்தை ஆதரித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் பத்தாம் கிளைக்கு வந்து உரையாற்றி, அதன் மதிப்புறு உறுப்பினருமானார். அறிஞரின் அறிக்கை கோரிய ஒன்றின் சிறு வடிவம் அத்தொழிலாளரிடம் ஏற்கெனவே இருந்தது. அது அரசு தந்ததன்று. பங்கிடும் பழக்கத்திலிருந்து முளைத்தது.

பட்டியலுக்கு வெளியே

பங்கிடும் பழக்கத்திற்கு ஓர் எல்லை உண்டு. எவரெவர் பங்காளிகள் என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். 1950களின் இறுதியில் கூடுதல் ஆட்கள் தேவைப்பட்டபோது ‘பி’ பிரிவு என்னும் இரண்டாம் பட்டியல் உருவாக்கப்பட்டது. ‘ஏ’ பிரிவினர் எடுத்துக்கொண்டபின் எஞ்சும் வேலையே இவர்களுக்கு. பெரும்பாலும் அது சரக்கறையின் அடியிலுள்ள கடின வேலை. சங்கக் கூட்டத்தில் இவர்களுக்கு வாக்கில்லை. 1960 உடன்படிக்கையின் நலன்களும் இவர்களுக்கு இல்லை. 1963இல் சான் பிரான்சிஸ்கோவில் ‘பி’ பிரிவினர் 82 பேர் சிறு சிறு விதிமீறல்களைக் காரணங்காட்டிப் பதிவிலிருந்து நீக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான ஸ்டான் வியர் பல்லாண்டுகள் வழக்காடியும் எழுதியும், சங்கமும் முதலாளிகளும் சேர்ந்தே தம்மை வெளியேற்றினர் என்று நிறுவ முயன்றார். வழக்கு தோற்றது. வேலையைச் சமமாகப் பங்கிடுவதற்கென்று தோன்றிய அதே கூடத்தின் கதவு, அவர்களுக்கு மூடப்பட்டது.

இன எல்லையும் இடத்திற்கிடம் வேறுபட்டது. 1934க்குப்பின் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்ட பத்தாம் கிளையில் அறுபதுகளில் அவர்களின் தொகை பெருகியது. அதே சங்கத்தின் போர்ட்லண்ட் கிளையோ அறுபதுகள் வரை அவர்களைப் புறக்கணித்தது. போர்ட்லண்டிலும் வேலை நேர்மையாகவே பங்கிடப்பட்டது, வெள்ளையருக்குள்.

பிறவாத தலைமுறையின் நிலையும் இத்தகையதே. எவரையும் நீக்காமல், ஓய்வுபெறுவோரின் இடத்தை நிரப்பாமல் விடுவது இவ்வுடன்படிக்கையின் வழி. வேலையிலிருந்தவர் கண்ணியத்துடன் முதுமையடைந்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்குரிய இடங்கள் ஓசையின்றி மறைந்தன. அவ்விடங்களுக்காகப் பேரம் பேச எவரும் மேசையில் அமரவில்லை.

9.43ஆம் பிரிவு

1966இல் செய்துகொண்ட இரண்டாம் உடன்படிக்கையின் 9.43ஆம் பிரிவு, பாரந்தூக்கி இயக்குவோரை நிறுவனங்கள் கூடத்தின் வழியன்றி நேரடியாக நிரந்தரமாய் அமர்த்திக்கொள்ள இடமளித்தது. விலையுயர்ந்த இயந்திரத்தை நாளுக்கொருவரிடம் ஒப்படைக்க இயலாது என்பது நிறுவனங்களின் வாதம். பொருளாதார நோக்கில் அதில் பிழையில்லை. ஆனால் இது முப்பதாண்டு விதியின் வேரை அறுத்தது. நிரந்தர ஆளின் வேலைநேரம் கூடத்தின் கணக்கில் சமன்செய்யப்படவில்லை. ஒருவர் மிகுதியாக ஈட்ட, கூடத்தில் காத்திருப்போர்க்கு வேலை அருகியது. 1971 சூலை 1 அன்று தொடங்கி, நீதிமன்றத் தடையாணையால் இடைநின்று, 1972 பிப்ரவரியில் முடிந்த 134 நாள் வேலைநிறுத்தத்தின் முதன்மைக் காரணங்களுள் இப்பிரிவும் ஒன்று. தொழிலாளர் இப்பிரிவை நீக்க முடியவில்லை. ‘ஏ’ பிரிவினர்க்கு வாரம் 36 மணிநேரமும் ‘பி’ பிரிவினர்க்கு 18 மணிநேரமும் கூலி உறுதி பெற்றனர். இம்முறை ‘பி’ பிரிவினரும் கணக்கில் வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. பங்கீடு தளர்ந்த இடத்தைப் பணம் நிரப்பியது என்று இதனை இக்கட்டுரையாளர் புரிந்துகொள்கிறார்.

ஹெர்ப் மில்ஸ் தம் எழுத்துகளில் வருந்துவது வருமானத்திற்காக அன்று. பழைய துறைமுகத்தில் இருவர் இருவராகச் சேர்ந்து உழைத்தனர். ஒருவரின் கவனக்குறைவு அடுத்தவரின் விரலைப் பறிக்கும் என்பதால் நம்பிக்கை கட்டாயத் தேவையாயிற்று. கூடத்தில் காத்திருந்த நேரமும், கரையோரச் சிற்றுண்டிக் கடைகளும் பேச்சுக்கும் பூசலுக்கும் அரசியலுக்கும் இடமளித்தன. பெட்டகத் துறைமுகத்தில் ஒருவர் உயரத்திலுள்ள கண்ணாடி அறையில் தனியே அமர்ந்திருக்கிறார். மற்றவர் பரந்த தளத்தில் வண்டிக்குள் தனியே செல்கிறார். இயந்திரம் உழைப்பின் வலியை நீக்கியது. அவ்வலியினூடே வளர்ந்த உறவையும் உடன்கொண்டு சென்றது. அவ்வுறவே 1934இல் கூடத்தை வென்றெடுத்தது என்பதால், இது வெறும் பழமை ஏக்கமன்று.

சென்னைத் துறைமுகமும் கணக்கேடும்

இவ்வரலாற்றை நமக்குத் தொலைவானதாகக் கருதவேண்டியதில்லை. நாள்தோறும் வாயிலில் ஆள் பொறுக்கும் முறை இந்தியத் துறைமுகங்களிலும் இருந்தது. அதனை ஒழுங்குபடுத்த 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அடிப்படையில் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய துறைமுகங்களில் அரசு, முதலாளி, தொழிலாளர் என முத்தரப்பும் அமர்ந்த வாரியங்கள் ஐம்பதுகளில் செயற்பட்டன. பதிவுபெற்ற தொழிலாளர்க்குச் சுழற்சி முறையில் வேலை. வந்தும் வேலை கிட்டாத நாளுக்கு வருகைப்படி. சான் பிரான்சிஸ்கோவில் வேலைநிறுத்தத்தால் பெற்றதை இங்குச் சட்டம் வழங்கியது. இவ்வேறுபாடு சிறிதன்று, வேலையை ஒதுக்குபவர் இங்குத் தொழிலாளரால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர்.

இந்தியாவில் பெட்டகத்திற்கெனத் தனியே அமைந்த முதல் முனையம் 1983இல் சென்னையில் திறக்கப்பட்டது. 1997ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் வாரியங்களைத் துறைமுக நிர்வாகங்களுடன் இணைக்க வழிசெய்தது. 2001இல் சென்னையின் பெட்டக முனையம் தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் துறைமுகத்தை நம்பி வளர்ந்த தெருக்களின் வழியே இன்று பெட்டக லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் ஓட்டுநர்களுக்குப் பதிவேடும் இல்லை, வருகைப்படியும் இல்லை. இயந்திரத்தின் வருகையால் வேலை முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. பங்கிடும் ஏற்பாடு சென்றடையாத இடத்திற்கு அது பெயர்ந்தது. வாரியத்தின் பழைய பதிவேடுகளையும், அவற்றில் பெயரிருந்தவர் குடும்பங்களின் வாய்மொழி வரலாற்றையும் இந்நோக்கில் தொகுப்பது உடனடியாகச் செய்யவேண்டிய பணி. அத்தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது.

அமெரிக்க மேலைக் கடற்கரையில் 2008ஆம் ஆண்டு ஒப்பந்தம் முழுத் தானியங்கி முனையங்களுக்கு இடமளித்தது. லாஸ் ஏஞ்சலிசிலும் லாங் பீச்சிலும் ஆளில்லா ஊர்திகளும் பாரந்தூக்கிகளும் இயங்குகின்றன. விரிகுடாவின் பெட்டகக் கப்பல்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே எதிர்க்கரையிலுள்ள ஓக்லண்டுக்குச் சென்றுவிட்டன. எம்பார்கடேரோவின் பழைய துறைமேடைகளில் உணவகங்களும் காட்சியகங்களும் உள்ளன. பத்தாம் கிளையின் கூடம் மட்டும் சான் பிரான்சிஸ்கோவில், சுற்றுலாப் பயணிகள் நிறைந்த கரைப்பகுதிக்கு அருகில், நார்த் பாயின்ட் தெருவில் இருக்கிறது. தொழிலாளர் அங்கு வந்து அன்றைய வேலையைப் பெற்றுக்கொண்டு, பாலத்தைக் கடந்து ஓக்லண்டுக்குச் செல்கின்றனர்.